மருதப்பன் அத்தானின் மாறாத முகம்

ஐந்து வருடம் ஊர் சுற்றிவிட்டு 1968 ஜூன் மாதம் கப்பலை விட்டு இறங்கி, டன்லப் ஸ்திரீட்டில் அக்கா வீட்டு மாடிப்படியில் பெட்டியோடு ஏறினேன். லண்டன் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. செண்பகம் அக்கா என்னைக் கட்டிப்பிடித்தாள், மெலிந்துவிட்டாய் என்றாள், அடுத்த மூச்சில் கேட்டாள்:

"ஏண்டி, கீழ கடையில அத்தான் டீ குடிச்சிட்டு இருப்பாரே, பாத்தியா? எப்படிக் குடிச்சாரு?"

"வாயாலதான்."

"விளையாடாதே. வேகமாவா, மெதுவாவா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வாரத்தில் புரிந்துவிட்டது. நான் இல்லாத காலத்தில் என் அத்தான் மருதப்பன், தான் ஆசைப்படாமலே, சிராங்கூன் ரோட்டு ஜனங்களுக்கு நடமாடும் பஞ்சாங்கம் ஆகியிருந்தார்.

அந்த வருடம் ஜனவரியில்தான் வெள்ளைக்காரன் தன் படைகளைத் திருப்பி அழைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்திருந்தான். செம்பவாங்கில் இருந்த கடற்படைத் தளமான நேவல் பேஸை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தன. கப்பலுக்குப் பெயின்ட் அடிப்பவன், கயிறு கட்டுபவன், கொதிகலனில் வேகுபவன் என்று எங்கள் தெருவிலேயே இருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒருநாள் போகவேண்டும் என்பது தெரியும். யார், எப்போது என்பதுதான் தெரியாது. பிரிவு பிரிவாக, லிஸ்ட் லிஸ்டாக வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

அந்த லிஸ்டை டைப் அடிக்கும் கிராணிகளில், அதாவது குமாஸ்தாக்களில், அத்தான் ஒருவர். வியாழக்கிழமை பேர்கள் அவர் மேசைக்கு வரும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அவரவர் கைக்குக் கடிதம் போகும். இடையில் எட்டு நாள் அந்தப் பேர்களை அவர் தலையில் சுமந்துகொண்டு அலையவேண்டும். வெளியே மூச்சு விடமாட்டேன் என்று துரைக்கு எதிரில் காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்.

இந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆளை எங்கும் தேடிப்பிடிக்க முடியாது. விரலுக்கு இருந்த வேகம் அத்தானின் வாய்க்குக் கிடையாது. பதினாலு வயதில் சித்தப்பாவோடு கப்பலேறி வந்தவர். ஒரு மளிகைக் கடையின் பின்கட்டில் தங்கிக்கொண்டு டைப்பிங் படித்தார். 1951-ல் பேஸில் சேர்ந்த பிறகு யாருக்குப் பூட்ஸ், யாருக்கு லீவு, யாருக்கு சோப்பு என்று பதினேழு வருடமாக லிஸ்ட்தான் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு எழுத்துப் பிழை கிடையாது. அக்காவைப் பெண்பார்க்க வந்தபோது, "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று அப்பா கேட்டாராம். "சரிபார்த்தாச்சு" என்றாராம் அத்தான். எங்கள் வீட்டில் அது இன்றுவரை ஓடுகிறது.

ஏப்ரல் மாதம் முதல் லிஸ்ட் வந்தது. பெயின்டர்கள் நாற்பத்துமூன்று பேர். அடித்து முடித்த வியாழக்கிழமை சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்து கை கழுவினார் என்று அக்கா சொன்னாள். கார்பன் கறை அவர் விரலில் எப்போதும் இருப்பதுதான். அன்று சோப்பு பாதியாகத் தேயும்வரை கழுவினாராம். அந்த நாற்பத்துமூன்று பேரில் ஆறு பேர் எங்கள் தெருக்காரர்கள். எட்டு நாளும் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்.

கடிதம் கைக்கு வந்ததும் காதர் மைதீன் டீக்கடையில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

"போன வாரம் அண்ணன் இடது காத ரெண்டு தடவ சொறிஞ்சாரு. நான் அப்பவே நெனச்சேன்," என்றார் ரவூப். கப்பலில் கயிறு கட்டும் வேலை அவருக்கு. எந்த முடிச்சையும் அவிழ்த்துவிடலாம் என்ற நம்பிக்கை உண்டு.

"அப்பவே நெனச்சா அப்பவே சொல்லியிருக்கணும்லா," என்றார் கொதிகலன் நெய்னா முகம்மது.

"காது அரிச்சுதுன்னு நெனச்சேன்."

மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அத்தான் கடைக்குள் நுழைந்தபோது பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள். காதர் மைதீனுக்குக் கை ஓடவில்லை. பாலும் போடாமல் சீனியும் போடாமல் வெறும் டீயை வைத்துவிட்டார். அத்தான் ஒரு குறையைச் சொல்லி அதற்குப் பதிலும் கேட்கிற ஆள் இல்லை. குடித்துவிட்டு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை போய், "பால் ஊத்துங்க பாய்," என்று சொல்லியிருக்கிறார். நெய்னா முகம்மது எழுந்தே நின்றுவிட்டார்.

"பாலா? ஏண்ணே? முந்தாநாள் இல்லாமத்தானே குடிச்சீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?"

அத்தான் சுற்றிப் பார்த்தார். ஏழெட்டு முகம். ஒருவர் வாயில் பரோட்டா பாதியில் நின்றது.

"பால் வேண்டாம்."

"சீனி?"

"அதுவும் வேண்டாம்."

டம்ளரின் அடியில் கெட்டிப்பாலை இரண்டு விரல் உயரத்துக்கு ஊற்றி, அதன்மேல் மூன்று கரண்டி சீனியும் போட்டுக் குடித்த மனிதர் அவர். அன்றிலிருந்து கசப்பு டீ. எந்த மாற்றமும் தெருவைக் கலக்கிவிடும் என்று கண்டுகொண்டவர், மற்றவற்றையும் பூட்டிவிட்டார். ஆறு மணி ஐந்து நிமிடத்துக்கு வலது காலை எடுத்துவைத்துப் படி இறங்குவார். வெயிலோ மழையோ, இடது கையில் குடை. பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறப்பார். முகத்தை இஸ்திரி போட்டதுபோல் வைத்துக்கொள்வார். தினமும் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் அந்த முகத்தைப் பழகுவார் என்று அக்கா புகார் சொன்னாள்.

நான் பரோட்டா வாங்கத் தூக்குச்சட்டியோடு கடைக்குப் போனால் விசாரணை தொடங்கிவிடும்.

"தங்கச்சி, அண்ணன் வீட்ல நல்லாத் தூங்குறாரா?" என்பார் ரவூப்.

"குறட்டை விடுறார்."

"எந்தப் பக்கம் திரும்பிப் படுத்து?"

அக்காவுக்கு ஒரு தனி வழி இருந்தது. பயம் வந்தால் துணி அலமாரியை நகர்த்துவாள். ஜன்னல் பக்கத்திலிருந்து வாசல் பக்கம், வாசலிலிருந்து அடுப்படிச் சுவர். கீழே தையற்கடைக்காரர் தலைக்குமேல் தடதடவென்று சத்தம் கேட்டால், "இன்னிக்கு லிஸ்ட் பேச்சு வந்திருக்கு," என்று சொல்லிவிட்டுத் துணியை வெட்டுவாராம். அலமாரியை நகர்த்தாத நேரத்தில் என் பெட்டியைப் பார்ப்பாள். கட்டிலுக்கு அடியில் கிடந்த அதை நான் இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை. எங்கே கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் கப்பல் டிக்கெட் வாங்கிவிடுவது என் வழி. அவளுக்கு அது தெரியும்.

ஒருநாள் அத்தான் குடையை உதறிக்கொண்டிருந்தபோது நானும் கேட்டுவிட்டேன். "அத்தான், உங்க பேரு லிஸ்ட்ல இருக்கா?"

"தெரியாது."

"சும்மா சொல்லுங்க."

"அவனவன் பிரிவை அவனவன் அடிக்கக் கூடாதுன்னு ரூல். கிராணிங்க லிஸ்ட் எங்க ஆபீஸ் மிஸ் ஓங் மேசைக்குப் போகும். ஊர்ப் பேர் எல்லாம் எனக்குத் தெரியும். என் பேர் தெரியாது." குடையைச் சுருட்டி, பித்தானை மாட்டினார். "உங்க அக்காகிட்ட நூறு தடவ சொல்லிட்டேன். நம்பமாட்டேங்கிறா."

அவருக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். அப்போதுதான் படித்து வெளியே வந்த பெண்கள் நிமிடத்துக்கு அறுபது சொல் அடித்துக்கொண்டு நகரமெங்கும் வேலை தேடினார்கள். பேஸை விட்டால் அவருக்கு எந்த நாற்காலியும் காத்திருக்கவில்லை. அதை எங்களிடம் சொல்லமாட்டார், கசப்பு டீயைக் குடித்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் மாதம் கடைவாய்ப் பல் வலி வந்தது. காலையில் எழுந்தபோது இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"இன்னிக்கு டீ வேண்டாம். நேரா டாக்டர்கிட்ட போங்க," என்றாள் அக்கா.

"குடிக்காட்டி என்ன நெனப்பாங்க?"

"பல்லு வலின்னு நெனப்பாங்க."

"நம்ம ஆளுங்களா?" என்றார் அத்தான். வலது காலை எடுத்துவைத்து இறங்கினார்.

கொதிக்கக் கொதிக்க டீ வந்தது. வழக்கம்போல் நாலு மடக்கில் குடித்தார். முகம் அசையவில்லை. அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. ஆனால் கண்ணுக்கு அவர் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. இரண்டாவது மடக்கில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அண்ணன் டீ குடிச்சு அழுதாரு," என்ற செய்தி பஸ்ஸுக்கு முன்னால் செம்பவாங் போய்ச் சேர்ந்தது. அங்கே அது வளர்ந்து, தீபாவளிக்குள் பேஸை மொத்தமாக மூடப்போகிறார்கள் என்று திரும்பி வந்தது. மத்தியானத்துக்குள் ஒருவர் வீரமாகாளியம்மன் கோயிலில் மொட்டைக்கு நேர்ந்துகொண்டார். நெய்னா முகம்மது சைக்கிளை விற்றுவிட்டார். வேலை போனால் சைக்கிள் எதற்கு என்றாராம். வேறு வேலை தேடவே சைக்கிள் வேண்டுமே என்று வாங்கியவன் கேட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் அவன் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

அத்தான் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார். நான்தான் அவரை ஜாலான் புசார் பக்கம் ஒரு சீனப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். தலையைச் சுற்றி அக்காவின் பழைய சேலைத் துணியைக் கட்டியிருந்தார். எங்களுக்குப் பின்னால் பதினோரு பேர் வந்தார்கள்.

"எதுக்கு வர்றீங்க?" என்று ரவூப்பைக் கேட்டேன்.

"சும்மா ஒரு தைரியத்துக்கு, தங்கச்சி."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான்."

டாக்டர் பல்லைப் பிடுங்கிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். வாசலில் அதை ரவூப் வாங்கிப் பிரித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சொத்தை நெசந்தான்," என்று தீர்ப்புச் சொன்னார். பல் கைமாறிப் போயிற்று. மூன்றாவது ஆள் வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பழைய சொத்தை. இதுக்கா இன்னிக்கு அழணும்?" என்றார்.

அப்போதுதான் அத்தானுக்குக் கோபம் வந்து நான் முதல்முறையாகப் பார்த்தேன். வாயில் பஞ்சு, தலையில் கட்டு. படிக்கட்டில் நின்றபடி கத்தினார்.

"எனக்கு என் பேரே தெரியாதுய்யா! கிராணி லிஸ்ட் எங்கிட்ட வராது, அந்த மிஸ் ஓங்கிட்ட போகுது! நீங்க என் மூஞ்சியப் பாக்கிறீங்க, நான் தினமும் அந்தம்மா மூஞ்சியப் பாக்கிறேன்! எனக்கு யாரு இருக்கா?"

பஞ்சினால் பாதி வார்த்தை கொழகொழத்தது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ரவூப் பல்லை மறுபடி காகிதத்தில் மடித்து, மரியாதையாக அத்தானின் சட்டைப் பையில் வைத்தார்.

"அண்ணே," என்றார் மெதுவாக. "அந்தம்மா மூஞ்சியில என்ன தெரியுது?"

அடுத்த நாளிலிருந்து கடையில் ஆராய்ச்சி மிஸ் ஓங்குக்கு மாறியது. அவளை அத்தானைத் தவிர ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது இருமினாள் என்று அத்தனையும் பெஞ்சுக்கு வந்தாகவேண்டும். அத்தானும், ஆச்சரியம், வாய் திறந்து சொன்னார். பதினேழு வருடத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை.

"முந்தி மத்தியானம் ஒரு கிண்ணம் மீ நூடுல்ஸ் சாப்பிடுவாங்க. இப்ப ரெண்டு பிஸ்கட்டு."

"மனசு கேக்கல. பாவம் பண்றோமேன்னு இருக்கும்," என்றார் நெய்னா முகம்மது.

"நாற்காலிய கொஞ்சம் அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டிருக்காங்க."

"ஐயோ, நேருக்கு நேர் பாக்க முடியல."

"நேத்து நான் பாத்ததும் எழுந்து வெளிய போயிட்டாங்க."

ரவூப் கண்ணை மூடிக்கொண்டார். "அண்ணே, தைரியமா இருங்க. அவ்வளவுதான் சொல்வேன்."

அத்தானின் டீ மட்டும் கசப்பாகவே இருந்தது. உண்மை தெரிந்துவிட்டதே, சீனி போட்டுக்கொள்ளுங்களேன் என்றேன். "மத்த லிஸ்ட் இன்னும் எங்கிட்டதானே வருது," என்றார். மேலே அலமாரி வாரத்துக்கு இருமுறை இடம் மாறிற்று.

அக்டோபரில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அக்கா பயந்துபோய் அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

அன்று காலை மிஸ் ஓங் நேராக அவர் மேசைக்கு வந்து நின்றாளாம். கையில் கைக்குட்டை. "மிஸ்டர் மருதப்பன், எத்தனையோ மாசமா என் மூஞ்சியையே பரிதாபமாப் பாக்கிறீங்க. சாப்பாடு இறங்கமாட்டேங்குது. என் பேர் உங்க லிஸ்ட்ல வந்திருச்சுன்னா சொல்லிடுங்க. நான் அழமாட்டேன்," என்றாளாம், அழுதுகொண்டே.

ஸ்டெனோகிராபர்கள் லிஸ்டை அடிப்பது அத்தான்தான். மிஸ் ஓங் ஸ்டெனோகிராபர். அவள் முகத்தில் தன் பேரைத் தேடிக்கொண்டிருந்த மனிதருக்கு, அவளும் அதே காரியத்தை இவர் முகத்தில் செய்துகொண்டிருப்பாள் என்பது ஒருநாள்கூடத் தோன்றவில்லை. பிஸ்கட், திருப்பிய நாற்காலி, வெளியே எழுந்து போனது எல்லாமே இவர் பார்த்த பார்வையால் வந்தவை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"எதுவும் சொல்லக் கூடாது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கோம்னேன். நான் உங்களப் பாத்தது எனக்காகன்னேன். அந்தம்மா கொஞ்ச நேரம் முழிச்சாங்க. அப்புறம் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்திருச்சு. ரெண்டு மேசையையும் இழுத்து, முதுகுக்கு முதுகு போட்டோம். துரை வந்து ஏன்னு கேட்டாரு."

"என்ன சொன்னீங்க?"

"வெளிச்சம் பத்தலன்னு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொன்னோம்."

மறுநாள் மிஸ் ஓங் மீ சாப்பிட்டாள். முதுகுப் பக்கமிருந்து உறிஞ்சும் சத்தம் கேட்டதாகக் கடையில் அறிவித்தார் அத்தான். அது எதைக் குறிக்கிறது என்று ரவூப் தொடங்கியபோது, "பசியக் குறிக்குது," என்றார். பெஞ்சே சிரித்தது. என்ன வரும் என்று அதற்குப் பிறகும் யாருக்கும் தெரியாது. ஆனால் மொட்டைக்கு யாரும் நேர்ந்துகொள்ளவில்லை, சைக்கிளும் விற்கவில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை. அத்தான் வழக்கமான நேரத்துக்கு வந்து குடையை மூலையில் வைத்தார்.

"செண்பகம், வந்திருச்சு."

அக்கா ஏப்ரலிலிருந்து இந்த ஒரு நிமிடத்துக்காக அழுகையைச் சேர்த்து வைத்திருந்தவள். "யாருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"எனக்கு. மார்ச் கடைசி வரைக்கும் வேலை. அதுக்கப்புறம் இல்ல." சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். "ஒரு பிழை இல்ல, பாரு. என் பேரை வெள்ளைக்காரன் தப்பாத்தான் எழுதுவான். மிஸ் ஓங் திருத்தி அடிச்சிருக்காங்க. எட்டு நாள் பக்கத்துல உக்காந்திருக்காங்க, முதுகுகூட அசையல. நல்ல வேலைக்காரி."

அக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். எழுந்து போய் அலமாரியில் கைவைத்தாள். நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். ஜன்னல் ஓரம், அது முதலில் இருந்த இடத்துக்கே தள்ளினோம். "இனி இங்கயே கிடக்கட்டும்," என்றாள். கீழே தையற்கடையில் மெஷின் சத்தம் நின்று, பிறகு மறுபடி ஓடியது. அதன் பிறகுதான் அக்கா அழுதாள். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் முகம் ஒரு மாதிரியாகக் கோணியிருந்தது. அதை நேராக்கிக்கொள்ள அவர் முயலவில்லை.

மறுநாள் காலை தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு நானும் அவர் பின்னாலேயே இறங்கினேன். இடது காலை முதலில் வைத்தார். குடை மேலேயே இருந்தது.

"பாய்," என்றார் அத்தான், பெஞ்சில் உட்கார்ந்து. "பால் ஊத்துங்க. அடியில ரெண்டு விரல். சீனி மூணு."

காதர் மைதீன் கையிலிருந்த கரண்டி டப்பாவுக்குள் விழுந்தது. நெய்னா முகம்மது எழுந்து நின்றார். ரவூப் அத்தானின் காலைப் பார்த்தார், வெறும் கையைப் பார்த்தார், கடைசியாக முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்கா அண்ணே?"

"எனக்குத்தான்."

ரவூப் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து, தோள்மேல் கைபோட்டார். "எட்டு மாசமா உங்களப் படிச்சதுல இது ஒண்ணுதான் சரியா வந்திருக்கு," என்றார். யாரோ அத்தானுக்குப் பரோட்டா சொன்னார்கள். சீனப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் அடிக்க ஆள் தேடுவதாக ஒருவர் சொன்னார். போய்ப் பார்க்கத் தன் சைக்கிளைத் தருவதாக நெய்னா முகம்மது சொன்னார், அதை விற்றுவிட்டது நினைவில்லாமல்.

டீ வந்தது. அத்தான் கலக்காமல் முதல் மடக்குக் குடித்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே," என்றார் ரவூப் கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தி. "மார்ச்சுக்கு அப்புறம் எங்க லிஸ்ட யாரு அடிப்பா?"

"மிஸ் ஓங்."

பெஞ்சு முழுவதும் அதை யோசித்தது.

"அந்தம்மா காலையில எந்தக் கடையில டீ குடிக்குது?"

அத்தான் டம்ளரைச் சாய்த்து, அடியில் தங்கியிருந்த சீனியைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சொல்லக் கூடாது," என்றார். "கையெழுத்துப் போட்டிருக்கேன்."